அலமாரியைத் திறக்கும் முன் நோட்டைத் திறங்கள்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாளில் எல்லாவற்றையும் அலமாரியில் திணித்துப் பூட்டிவிட்டுப் போகிறேன். பள்ளி திறந்ததும் முதல் வாரம் முழுக்கத் தேடுவதிலேயே போய்விடுகிறது. இந்த முறையாவது ஒழுங்காக எடுத்துவைக்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை

பதில்: கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஆனால் அலமாரியில் கை வைக்காதீர்கள். முதல் வேலை பாடக்குறிப்பு நோட்டுதான். பொருள்களை விடுமுறை முடிந்து வந்தும் அடுக்கிக்கொள்ளலாம். எந்தப் பாடம் எங்கே இழுத்தது என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

பாடத்துக்கு மூன்று வரி போதும். உதாரணமாக: “ஒளிவிலகல். 4 பீரியட் போட்டது, 6 ஆனது. கண்ணாடிப் பாளம் 3 போதவில்லை, குழுவுக்கு ஒன்றாக 8 வேண்டும். படுகோணத்தைக் குத்துக்கோட்டிலிருந்து அளக்காமல் கண்ணாடிப் பரப்பிலிருந்து அளக்கிறார்கள். முதல் பீரியடிலேயே வரைந்து காட்டவேண்டும்.” அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை, வாங்கவேண்டிய பொருள், பாடம் நடத்தும் முறை மூன்றும் இதில் வந்துவிட்டன. “நன்றாகப் போனது” என்று மட்டும் எழுதிவைத்தால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது காகிதம். ஒவ்வொரு பயிற்சித்தாளிலும் எழுதாத பிரதி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் அதிலேயே சிவப்பு மையில் திருத்திவிடுங்கள். மிச்சப் பிரதிகளின் பின்பக்கம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும். விடைத்தாள்களை எவ்வளவு காலம் வைத்திருக்கவேண்டும் என்று அலுவலகத்தில் கேட்காமல் கழிக்காதீர்கள். பெயரும் மதிப்பெண்ணும் உள்ள தாள்களைக் கிழிக்காமல் பழைய பேப்பரோடு போடவும் கூடாது. கட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் வெயில் காலத்தில் அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், நூலால் கட்டுங்கள்.

பொருள்கள் வீணாவது பெரும்பாலும் பூட்டிய அலமாரிக்குள்தான். சுவர்க் கடிகாரம், ரிமோட், டார்ச் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும், பிறகு புது பேட்டரி போட்டாலும் ஓடாது. மார்க்கர்களைப் படுக்கவைத்தால் மை ஒரு பக்கமாக இறங்காது. படங்களைச் சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் மாட்டும்போது ஓரங்கள் சுவரை நோக்கி வளையும். உள்பக்கமாகச் சுருட்டினால் பிள்ளைகளை நோக்கிச் சுருண்டுகொள்ளும். பழைய செல்லோடேப்பை உரித்துவிட்டுச் சுருட்டுங்கள், கறை பிடிக்காது.

அறிவியல் ஆசிரியை என்பதால் இன்னொன்று: சட்டக் காந்தங்களை ஒரு டப்பாவில் குவித்து வைக்காதீர்கள், வலு குறைந்துவிடும். இரண்டிரண்டாக, எதிரெதிர்த் துருவங்கள் பக்கத்தில் வரும்படி அடுக்குங்கள். நடுவில் மரத்துண்டு, இரு முனைகளிலும் தேனிரும்புத் துண்டு. இதற்குப் பத்து நிமிடம் ஆகாது, ஆனாலும் பல பள்ளிகளில் யாரும் செய்வதில்லை.

அழகான டப்பாக்களை முதலில் வாங்காதீர்கள். கழித்தது போக என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் பாதிகூடத் தேவைப்படாது. இரண்டு ஆண்டாகத் தொடாத பொருளை வேறு ஆசிரியர் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்.

கணினி ஃபைல்களுக்குப் பாட எண்ணை இரண்டு இலக்கமாக முன்னால் போடுங்கள்: 01, 02, 10. வெறும் 1, 2 என்று போட்டால் பல இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். “புதியது”, “கடைசி”, “கடைசி 2” என்று மூன்று வினாத்தாள் இருந்தால் எது அச்சுக்குப் போனதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

கடைசியாக, முதல் வாரப் பெட்டி ஒன்று. சாக்பீஸ் அல்லது மார்க்கர், டஸ்டர், ஸ்டேப்லரும் பின்னும், கத்தரி, டேப், காலியான வருகைப் பட்டியல், இருக்கை வரைபடம், முதல் மூன்று பாடவேளைக்கான தாள்கள் நகலெடுத்து. இது எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும்; எனவே கடைசியாக உள்ளே வையுங்கள். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கதவின் உட்பக்கம் ஒட்டி, திறந்த அலமாரியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை மாறி, உங்கள் அலமாரி வேறொருவருக்குப் போனாலும் அவருக்கு அந்தப் பட்டியல் போதும். சாவியில் அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.