ஷிப்ட் தொழிலாளியின் விடுமுறை எந்த மணிக்குத் தொடங்குகிறது?

(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: ஐயா, கோவை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். முழு நைட்டு வாரத்தில் சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு உள்ளே போனால் ஞாயிறு காலை 7.30 மணிக்குத்தான் வெளியே வருவோம். ஆள் குறைவு என்று ஞாயிறு இரவு 11.30 மணிக்கே மறுபடி வரச் சொல்கிறார்கள். வார விடுமுறை எங்கே என்று கேட்டால், "பகல் முழுவதும் வீட்டில்தானே இருந்தீர்கள், அதுதான் லீவு" என்கிறார் வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருப்பவர். இது சரியா? ஈ.எல். (சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு) கணக்கும் நைட் ஷிப்டுக்கு வேறா? பஞ்சிங் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: சரியல்ல. டைம் ஆபீஸில் இருப்பவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். நள்ளிரவைத் தாண்டி வேலை செய்பவருக்குச் சட்டம் அந்த நாட்காட்டியைப் பயன்படுத்துவதில்லை. இரவு ஷிப்டில் இருக்கும் தொழிலாளிக்கு "வார விடுமுறை" என்பது, அவருடைய ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 57 ஆவது பிரிவில் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் (2020) இதே விதியைத் தன் 28 ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே ஞாயிறு காலை 7.30 மணிக்கு வெளியே வந்த உங்களுக்கு விடுமுறை முடிவது திங்கள் காலை 7.30 மணிக்கு. ஞாயிறு இரவு 11.30 மணிக்கு உங்களை அழைக்கும்போது 16 மணி நேரம்தான் கழிந்திருக்கிறது. மீதி 8 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே அந்த வாரம் உங்களுக்கு வார விடுமுறையே கொடுக்கப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பஞ்சிங் நகலில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. சனிக்கிழமைக் கட்டத்தில் 11.22 என்று உள்ளே வந்த நேரமும், ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 7.36 என்று வெளியே போன நேரமும் தனித்தனியாக விழுந்திருக்கின்றன. நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை நேரம் முந்தைய நாளின் கணக்கில்தான் சேர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது அந்த எட்டு மணி நேரமும் சனிக்கிழமை வேலை. இயந்திரம் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுவதால், ஒரு நாள் வருகை அரை நாளாகப் பதிவாகிவிடாமல் மாதந்தோறும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஈ.எல். கணக்கில் இது எப்படி உதைக்கும் என்பதைச் சற்றுக் கீழே பாருங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கள் காலை 7.30 மணிக்கு முதல் ஷிப்டுக்கு வரச் சொன்னால் சட்டப்படி அது குற்றமாகாது. இரவெல்லாம் ரிங் ஃபிரேம் எனப்படும் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே நடந்தவருக்கு அந்த 24 மணி நேரத்தில் பாதி தூக்கத்திலேயே போய்விடும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். முழு நைட்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்கு மாறும் வாரத்தில் கூடுதல் இடைவெளி வேண்டுமென்றால், அதை நிர்வாகத்துடனான ஒப்பந்தப் பேச்சில்தான் கேட்டுப் பெற வேண்டும்.

இதுவரை இழந்த வார விடுமுறைகளுக்கு ஈடான விடுமுறையை அந்த மாதத்திலோ அதற்கு அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ நிர்வாகம் தர வேண்டும். தேதிகளைக் குறித்து, எழுத்து மூலம் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழியாகக் கேட்டது ஆய்வாளர் முன்னால் நிற்காது.

ஈ.எல். எனப்படும் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்குப் பகல் ஷிப்ட், அரை நைட்டு, முழு நைட்டு என்ற வேறுபாடு கிடையாது. வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள் விடுப்பு. முன்பு ஓராண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் இந்த உரிமை பிறந்தது. புதிய தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. ஓராண்டில் 280 நாள் வேலை செய்திருந்தால் 14 நாள் உண்டு. இரவு ஷிப்ட் அரை நாளாகப் பதிவானால் இந்த 280 என்ற எண்தான் முதலில் அடிபடும். மில்லில் லே-ஆஃப் விட்ட (வேலை தர முடியாமல் நிர்வாகமே தற்காலிகமாக நிறுத்தி வைத்த) நாட்களும், பெண்களுக்கு 26 வாரம் வரையிலான பேறுகால விடுப்பும் 180 நாளை எட்டியதா என்று பார்க்கும்போது சேர்க்கப்படும். ஆனால் அந்த நாட்களுக்காகத் தனியே விடுப்பு ஊறாது.

விடுப்பின் நடுவிலோ முன்னும் பின்னுமோ வரும் விடுமுறை நாட்களை ஈ.எல். கணக்கில் கழிக்கக் கூடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2026 ஜனவரி 12 முதல் 19 வரை எட்டு நாள் ஊருக்குப் போனவருக்கு, 15 ஆம் தேதிப் பொங்கலும் 18 ஆம் தேதி ஞாயிறும் விடுமுறையாக இருந்தால், கழிய வேண்டியது 6 நாள்தான். எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். முறையாக விண்ணப்பித்தும் நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பொங்கலன்று இரண்டாம் ஷிப்டுக்கு வந்தேன். சாதாரண நாள் சம்பளம்தான் போட்டிருக்கிறார்கள். டபுள் சம்பளம் கேட்க எனக்கு உரிமை உண்டா?

பதில்: முதலில் உங்கள் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் இருக்கும் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள், சகோதரி. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958 இன்படி ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லாருக்கும் பொது. மற்ற ஐந்து பண்டிகைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொங்கல் இல்லாத பட்டியலை நான் பார்த்ததில்லை என்றாலும், பட்டியலில் இருந்தால்தான் உங்கள் கோரிக்கை நிற்கும்.

இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று உங்களை வேலைக்கு அழைக்கக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக எழுத்து மூலம் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அந்த நாளின் சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறை. இரண்டில் ஒன்றும் இல்லாமல் ஒற்றைச் சம்பளத்தோடு முடித்துக்கொள்ள இடமில்லை. "மாற்று விடுமுறை தருகிறோம்" என்று சொன்னால் தேதியைக் கேளுங்கள். தேதி இல்லாத மாற்று விடுமுறை பெரும்பாலும் வராமலே போகும்.

கேள்வி: ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு தொழிற்சாலையில் ஜனவரியில் சேர்ந்து 160 நாள் ஷிப்ட் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். 180 நாள் ஆகவில்லை, லீவு சம்பளம் கிடையாது என்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: வேலையில் தொடர்பவருக்குத்தான் அந்த 180 நாள் நிபந்தனை. வேலையை விட்டு நின்றவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ, அந்தக் காலம் முடியாவிட்டாலும் வேலை செய்த நாட்களுக்கு 20 க்கு 1 என்ற கணக்கில் விடுப்புச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு 8 நாள். நின்ற தேதியிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தால் முதன்மை வேலையளிப்பவரான தொழிற்சாலையே பொறுப்பேற்க வேண்டும் என்பதால், கோரிக்கைக் கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு ஆகிய மூன்றில் எது கையில் இருந்தாலும் அதன் நகலை அக்கடிதத்துடன் இணைத்துவிடுங்கள்.