அச்சகத்துக்கு நாஸ் வாங்குகிறோம். நான்கு டிஸ்க் போட்டு ரெய்டு 5 வைத்தால் போதுமா?

நாஸ் என்றால் எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் சேமிப்புப் பெட்டி. ரெய்டு என்றால் ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை. கேள்வியில் இருக்கும் விவரம் இது. எட்டு கணினி உள்ள அச்சகம். கோரல்டிரா, போட்டோஷாப் ஃபைல்கள், பிளேட்டுக்குப் போன பிடிஎஃப்கள், டேலி கணக்கு எல்லாம் சேர்த்து 4 டெராபைட். ஆண்டுக்கு ஒரு டெராபைட் கூடுகிறது. இதுவரை ஒருவருடைய கணினியிலேயே ஷேர் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் 4 பே (டிஸ்க் போடும் இடம் நான்கு உள்ள) நாஸ், நான்கு 8 டிபி டிஸ்க், ரெய்டு 5 என்று கொட்டேஷன் தந்திருக்கிறார். பேக்கப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பெட்டி 4 பே-யாகவே இருக்கட்டும். டிஸ்க் இப்போதைக்கு இரண்டு போதும்: இரண்டும் 12 டிபி, ரெய்டு 1 (ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்). மிச்சமாகும் பணம் முழுவதும் பேக்கப்புக்குப் போக வேண்டும். நான்கு ஆண்டில் உங்கள் தரவு 8 டிபி ஆகும். 12 டிபி டிஸ்க் விண்டோஸில் 10.9 என்றுதான் தெரியும். அதில் 8 போனாலும் ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பதற்கு) இடம் இருக்கும். பிறகு தேவைப்பட்டால் காலியாக உள்ள இரண்டு பே-யில் இன்னொரு ஜோடி போட்டுக்கொள்ளலாம்.

ரெய்டு எதற்கு என்பதில்தான் பெரும்பாலான கொட்டேஷன்கள் தடம் மாறுகின்றன. ஒரு டிஸ்க் செத்தாலும் அன்றைய வேலை நிற்கக் கூடாது என்பதற்காக மட்டுமே ரெய்டு. காருக்கு ஸ்டெப்னி மாதிரி: பஞ்சரானால் வண்டி ஓடும், வண்டியே திருட்டுப் போனால் ஸ்டெப்னியும் கூடவே போய்விடும். டிசைனர் தவறுதலாக ஒரு கஸ்டமர் ஃபோல்டரை அழித்தால், அந்த அழிப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் நடக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டும் பூட்டப்படும். ஷார்ட் சர்க்யூட், தண்ணீர், திருட்டு எதற்கும் ரெய்டிடம் பதில் இல்லை. பட்ஜெட்டைப் பிரிக்கும்போது பேக்கப்புக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் ரெய்டைப் பாருங்கள்.

ரெய்டு 5 ஏன் வேண்டாம் என்கிறேன்? அது தரவோடு பாரிட்டி என்ற கணக்கையும் எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதும்; ஒரு டிஸ்க்கில் போன தரவை அந்தக் கணக்கை வைத்துத்தான் மீட்கும். ஒரு டிஸ்க் போனால் புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுத, மீதமுள்ள மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். 8 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலே 11 மணி நேரம். எட்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தால் அது ஒரு நாளைத் தாண்டும். அத்தனை நேரமும் பாதுகாப்பு எதுவும் இல்லாமல், ஒரே வயதுள்ள மூன்று டிஸ்க்குகள் முழு மூச்சில் ஓடும். சாதாரண டிஸ்க்குகளின் ஸ்பெக்கில், ஒன்றுக்குப் பின் 14 சைபர் போட்ட அளவு பிட்களைப் படித்தால் ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 12.5 டிபி. நான்கு 8 டிபி ரெய்டு 5-ல் ரீபில்டுக்கு, அதாவது இப்படித் திரும்ப எழுதுவதற்கு, 24 டிபி படிக்க வேண்டும். நடைமுறையில் டிஸ்க்குகள் இந்தக் கணக்கைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் ரெய்டு 1-ல் ஒரே ஒரு டிஸ்க்கைப் படித்தால் வேலை முடிந்தது; படிப்பதும் வெறும் காப்பிதான், பாரிட்டி கணக்கு கிடையாது. மாதர்போர்டே போனாலும், அந்த டிஸ்க்குகளில் ஒன்றைத் தனியாக மீட்பது பாரிட்டி போட்ட நான்கு டிஸ்க்கை மீட்பதைவிட எத்தனையோ எளிது.

நான்கு டிஸ்க் நிஜமாகவே தேவைப்படும் அளவுக்குத் தரவு இருந்தால் ரெய்டு 6 (இரட்டைப் பாரிட்டி) அல்லது ரெய்டு 10 (ஜோடி ஜோடியாக ஒரே தரவு). நான்கு 8 டிபிக்கு இரண்டிலுமே 16 டிபிதான் கிடைக்கும். ரெய்டு 6-ல் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்டு 10-ல் இரண்டாவதாகப் போவது அதே ஜோடியில் இருந்தால் தரவு போச்சு. ஆனால் எழுதும் வேகமும் ரீபில்டும் ரெய்டு 10-ல் வேகம். "ரெய்டு 5, கூடவே ஒரு ஹாட் ஸ்பேர்" (ஒரு டிஸ்க் போனால் அதன் இடத்துக்கு வரக் காத்திருக்கும் டிஸ்க்) என்று யாராவது நான்கு பே-க்குச் சொன்னால், அதே நான்கு டிஸ்க்கில் ரெய்டு 6 போடச் சொல்லுங்கள். சும்மா சுழலும் நான்காவது டிஸ்க் அங்கே உண்மையான பாதுகாப்பு தரும். கணினி மாதர்போர்டின் பயாஸில் வரும் ரெய்டு மட்டும் வேண்டாம். போர்டு போனால் அதே மாதிரி போர்டு தேடி அலைய வேண்டும்.

டிஸ்க் வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? டிஸ்க்கில் தரவுத் தடங்களை எழுதும் இரண்டு முறைகள் இவை. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தில் எழுத, பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுதியாக வேண்டும். ரீபில்டின்போது தொடர்ந்து எழுதும் சுமை வந்ததும் வேகம் அடியோடு விழும். சில நேரம் பெட்டி அந்த டிஸ்க்கைச் செத்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 2 முதல் 6 டிபி வரையான ரெட் டிஸ்க்குகள் சொல்லாமலே எஸ்எம்ஆருக்கு மாற்றப்பட்டிருந்தது வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வந்தது. ரெட் பிளஸ், ரெட் புரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப் மூன்றுமே சிஎம்ஆர். டெஸ்க்டாப் டிஸ்க்கைப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். படிக்க முடியாத செக்டாரை (டிஸ்க்கின் சிறு பகுதியை) நாஸ் டிஸ்க் சுமார் 7 விநாடியில் கைவிட்டு ரெய்டிடம் ஒப்படைத்துவிடும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ரெய்டு அதை வெளியே தள்ளிவிடலாம்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் போகும். வந்ததும் சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி இந்தியாவுக்கு உண்டா என்று பாருங்கள். தரவு ஏற்றும் முன் நீண்ட ஸ்மார்ட் டெஸ்ட் (டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது) ஓட்டுங்கள். 12 டிபிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஆகட்டும். பெட்டியின் கம்பெனி தரும் பொருத்தப் பட்டியலையும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் நாஸ் தயாரிக்கும் சினாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களில் பிற கம்பெனி டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அக்டோபரில் தன் டிஎஸ்எம் 7.3 மென்பொருளில் தளர்த்தியது.

வேகத்துக்கு வருவோம். கிகாபிட் சுவிட்சில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி கிடைக்கும். ஒற்றை டிஸ்க்கே இதைவிட வேகமாகப் படிக்கும் என்பதால், கூடுதல் டிஸ்க் போட்டு வேகம் கூட்டுவது வீண். 1 ஜிபி போட்டோஷாப் ஃபைல் திறக்க 9 விநாடி ஆகிறது என்றால், மாற்ற வேண்டியது சுவிட்சும் நெட்வொர்க் கார்டும். 2.5 கிகாபிட்டுக்குப் போனால் ஏற்கெனவே இழுத்திருக்கும் கேட் 5இ கேபிளே தாங்கும். இரண்டு கேபிளைச் சேர்த்து இணைத்தால் இரட்டை வேகம் என்பார்கள். ஒரு கணினி ஒரு ஃபைலை எடுக்கும்போது அது ஒரே கேபிளில்தான் வரும். அடிக்கடி எடுக்கும் தரவை வைத்துக்கொள்ள நாஸில் போடும் எஸ்எஸ்டி கேஷும் இந்த மாதிரிப் பெரிய ஃபைல் வேலைக்கு உதவாது. போட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் ஸ்கிராட்ச் டிஸ்க் அந்தந்தக் கணினியின் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். டிசைனர்கள் வைஃபையில் நாஸைத் திறக்க வேண்டாம்.

இனி பேக்கப். இது மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, நாஸுக்குள்ளேயே ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் வசதி தரும் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கு ஒன்று வீதம் ஒரு நாளுக்கு, தினம் ஒன்று வீதம் ஒரு மாதத்துக்கு வைத்தால் போதும். அழித்த ஃபோல்டரும் மேலே சேவ் செய்த டிசைனும் நிமிடத்தில் திரும்பக் கிடைக்கும். டேலிக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். யாராவது பதிவு போட்டுக்கொண்டிருக்கும் நொடியில் எடுத்த ஸ்னாப்ஷாட்டில் டேட்டா அரைகுறையாகச் சிக்கலாம். மாலையில் எல்லாரும் வெளியேறிய பிறகு டேலியின் சொந்த பேக்கப் வசதியில் எடுத்து, அந்தப் பேக்கப்பை நாஸில் தேதி போட்ட ஃபோல்டரில் வையுங்கள்.

இரண்டாவது, யுஎஸ்பி டிஸ்க் இரண்டு. ஒன்று நாஸில் செருகி இரவில் பேக்கப் ஓடும். இன்னொன்று உரிமையாளர் வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். செருகியே கிடக்கும் டிஸ்க், நாஸுக்குள் புகுந்தவன் கையிலும் இருக்கும் என்பதால்தான் இந்த மாற்றல். இந்த பேக்கப் டிஸ்க்கை எந்த விண்டோஸ் கணினியிலும் டிரைவாக மேப் செய்யக் கூடாது.

மூன்றாவது, கிளவுட். 4 டிபியையும் ஏற்ற வேண்டியதில்லை. டேலி, நடப்பு ஆண்டு வேலைகள், அடிக்கடி வரும் கஸ்டமர்களின் மாஸ்டர் ஃபைல்கள் போதும். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால், 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகளின்படி மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும். கிளவுடில் இடம் தேர்ந்தெடுக்கும்போது மும்பையைத் தேர்ந்தெடுங்கள்.

மாதம் ஒருமுறை பத்து ஃபைலை யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். அலர்ட் மெயில் வருகிறதா என்று டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்கள். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது.

வீட்டிலிருந்து ஃபைல் எடுக்க ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து விடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் என இரண்டு ரான்சம்வேர்கள், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் பூட்டின. விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் உள்ளே வாருங்கள். அட்மின் என்ற பெயரில் உள்ள கணக்கை முடக்கி, வேறு பெயரில் ஒன்று உருவாக்கி, இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். டிசைனர் கணக்குகளுக்கு அட்மின் உரிமை வேண்டாம்.

கடையில் இன்வெர்ட்டர் இருந்தாலும் நாஸுக்குத் தனி யுபிஎஸ் வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்த இடைவெளியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். யுஎஸ்பி போர்ட் உள்ள 600 விஏ யுபிஎஸ் போதும். நாஸையும் சுவிட்சையும் அதில் போட்டு, யுஎஸ்பி கேபிளை நாஸில் செருகி, கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆனால் தானாக ஷட் டவுன் ஆகும்படி செட் செய்யுங்கள். பிரிண்டிங் ஹாலில் வைக்க வேண்டாம், காகிதத் தூசி ஃபேனை அடைக்கும். டிஸ்க் வெப்பம் 45 டிகிரிக்குள் இருக்கட்டும்.

தொடக்கத்திலேயே செய்தாக வேண்டிய ஒன்று: தரவு ஏற்றும் முன் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) போட்டுவிடுங்கள். செத்த டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பும்போது அதை அழிக்க வழி இருக்காது. கஸ்டமர்களின் டிசைனும் உங்கள் கணக்கும் அதிலேயே போகும். சாவியை பிரிண்ட் எடுத்துப் பெட்டிக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை லேபிளில் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை டேட்டா ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துப் பிழை பார்ப்பது) ஓடட்டும். ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலொகேட்டட் செக்டாரும் (கெட்டதால் மாற்றப்பட்டவை) பெண்டிங் செக்டாரும் (சந்தேகத்தில் உள்ளவை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறத் தொடங்கிய டிஸ்க்கைச் சாகும்வரை வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். சிஆர்சி பிழை (தரவு வரும் வழியில் கெடுவது) மட்டும் ஏறினால் முதலில் கேபிளையோ டிரே இணைப்பையோ சந்தேகியுங்கள்.

டிஸ்க் போய்விட்டது என்று மெயில் வரும் நாளில், பதற்றத்தில் நல்ல டிஸ்க்கைப் பிடுங்குவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. முதலில் அன்றைய வேலையை யுஎஸ்பிக்கு பேக்கப் எடுங்கள். பிறகு திரையில் காட்டும் சீரியலை லேபிளோடு ஒப்பிட்டு அந்த டிரேயை மட்டும் எடுங்கள். புது டிஸ்க் பழையதற்குச் சமமான அல்லது பெரிய கொள்ளளவில் இருக்க வேண்டும். இனிஷியலைஸ், ஃபார்மட் என்று எது கேட்டாலும் சம்மதிக்காமல், ரிப்பேர் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாரண்டியில் மாற்று வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஒற்றை டிஸ்க்கில் ஓடாமல் இருக்க, பிரிக்காத 12 டிபி டிஸ்க் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். ரீபில்டை மாலையில் தொடங்கினால் மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிடும்.