ப்ளக் ஓட்டை மரை போயிட்டு, இனி என்ன செய்ற?

கேள்வி: வாப்பாட பழைய ஹொண்டா சீ 90 ஒண்டு இரிக்கி. போன கிழமை புது ஸ்பார்க் ப்ளக் போட்டு இறுக்கக்குள்ள திடீரெண்டு லூசாகி சும்மா சுத்துது, கழட்டிப் பாத்தா ப்ளக்குட மரையில அலுமினியம் கம்பி மாதிரி சுத்திக்கிட்டு வந்திரிக்கி. ஒரு மெக்கானிக் ஹெட்டையே (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கிற பாகம்) மாத்தணும் எண்டுறார், இன்னொராள் பசை வெச்சித் தாறன் எண்டுறார். எது சரி காக்கா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ரெண்டும் வேணாம் தம்பி. பசைக் கதைய முதல்ல விடுங்க, அந்த இடத்துல சூடும் ஏறும் ஒவ்வொரு வெடிக்கும் அமுக்கம் வேற தள்ளும், ஓடக்குள்ள ப்ளக் கழண்டு பறந்தா உங்கட காலுக்குக் கிட்டத்தான் போகும். ஹெட் மாத்துறது காசுக்குக் கேடு. ஹெலிகாயில் போட்டா முடிஞ்சிது.

அது வேற ஒண்டுமில்ல, ஸ்டெயின்லஸ் கம்பில சுத்தின ஸ்பிரிங், கம்பியக் குறுக்க வெட்டிப் பாத்தா சாய்சதுரமா இருக்கும், அதால வெளிப்பக்கமும் மரை உள்பக்கமும் மரை. ஓட்டைய 10.3 மில்லி அளவுக்குப் பெருப்பிச்சு, அந்த செட்டோட வாற டாப்பாலயே, அதான் மரை வெட்டுற ஆயுதத்தாலயே, மரை வெட்டி (சாதாரண டாப் சரிவராது, அளவு வேற) உள்ளுக்க திருகி விடுற. பிறகு ப்ளக் இறுகிறது இரும்பு மரையில, அலுமினியத்துல இல்ல, அதால முந்தினத விட பலம். வாங்கக்குள்ள ஒண்டு கவனிங்க, உங்கட ப்ளக் பெரும்பாலும் 10 மில்லி, பிச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 1 மில்லி. கடைல சும்மா 10 மில்லி எண்டு கேட்டா 1.5 பிச்சத்தான் தூக்கித் தருவாங்க.

ஹெட்டக் கழட்டித்தான் இந்த வேலை செய்யணும். டாப்புல கிரீஸ் பூசினா தூள் ஒட்டிக்கிட்டு வந்திரும் எண்டு சொல்லுவாங்க, நானும் பழகின காலத்துல அப்பிடி நம்பி கழட்டாமச் செஞ்சவன்தான், மறுகா கிக் அடிச்ச உடன சிலிண்டருக்குள்ள கறகற எண்டு ஒரு சத்தம், அந்தச் சத்தம் இப்பவும் காதுல கிடக்கு. தூள் மட்டுமில்ல, ஸ்பிரிங்ட அடியில திருகிறதுக்கெண்டு ஒரு சின்ன வால் இருக்கும், மத்த ஓட்டையெண்டா தட்டி உடைச்சு விட்டா காரியமில்ல, ப்ளக் ஓட்டைல தட்டினா அது நேரா பிஸ்டன் தலையிலதான் விழும். ஹெட் கையில இருந்தா மூக்குப் பிளையரால பிடிச்சு முறிச்சு எடுத்திரலாம். ஓட்டை கண்டபடி பெருத்துப் போயிருந்தா மட்டும் லேத்துல புஷ் (உள்ளுக்க மரை உள்ள உலோக வளையம்) கடைஞ்சு போடுங்க.

இனிமேல் ப்ளக் மாத்துறதெண்டா எஞ்சின் நல்லா ஆறின பிறகு. முதல்ல ஸ்பெனர் வைக்காதீங்க. பெற்றோல் ஓஸ் துண்டு ஒண்ட ப்ளக் தலையில செருகி அதால திருகுங்க, மரை கோணலாப் பிடிச்சா ஓஸ் வழுக்கும், ப்ளக் சுத்தாது. புது ப்ளக்கெண்டா வொஷர் முட்டின பிறகு அரைச் சுத்து போதும், டோர்க் ஸ்பெனர் (எவ்வளவு இறுக்கம் எண்டு காட்டுற ஸ்பெனர்) இருந்தா ஒரு கிலோகிராம்-மீற்றர். நம்மட கடற்கரைக் காத்துக்கு இரும்போட ஒட்டி இருக்கிற அலுமினியம் அரிச்சுப் போகும், அதால வருசத்துக்கு ஒருக்காவாவது கழட்டிப் பூட்டுங்க.

கேள்வி: மெசி 135 டிரெக்டர்ட எஞ்சின்ல ஒரு போல்ட் காணாமப் போயிட்டு. 8 மில்லி போல்ட் ரெண்டு சுத்து போய் இறுகிது, தள்ளி இறுக்கலாமா?
– ஒரு விவசாயி, கொக்கட்டிச்சோலை

பதில்: ஐயோ வேணாண்ணே! அது பேர்கின்ஸ் மூணு சிலிண்டர், இங்கிலீசுக்காரன்ட இஞ்ச் மரை. அந்த ஓட்டை பெரும்பாலும் 5/16 இஞ்ச், மேசன்மார் சொல்லுற ரெண்டரை நூல், அது 7.94 மில்லி, கண்ணுக்கு 8 மாதிரியே இருக்கும். ஆனா மரை இஞ்சுக்கு 18, அதாவது பிச் 1.41, உங்கட போல்ட் 1.25. ரெண்டு சுத்து மட்டும் ஒத்துப் போகும், பிறகு ஒண்டையொண்டு கடிக்கும். பக்கத்துல இருக்கிற அதே மாதிரி போல்ட் ஒண்டக் கழட்டி, கடைக்குக் கொண்டு போய், அதுல போற நட்டுல உங்கட புது போல்ட் கையாலயே கடைசி மட்டும் போகுதா எண்டு பாத்து வாங்குங்க. ஓட்டை வார்ப்பிரும்பெண்டா மரை லேசில போகாது, 5/16 டாப் ஒருக்கா ஓட்டினா திரும்பச் சரிவரும்.