தோபித்து இல்லாத பைபிள்: எதை வாங்குவது, எங்கே தேடுவது?

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். போன பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு பெற்றேன். உடன் வேலை பார்க்கும் தோழி அன்பாக ஒரு பைபிள் கொடுத்தாள். அன்பியக் கூட்டத்தில் (பங்கு மக்கள் சிறு குழுவாகக் கூடிச் செபிக்கும் கூட்டம்) "தோபித்து எட்டாம் அதிகாரம் எடுங்கள்" என்றார்கள். என் பைபிளில் அப்படி ஒரு நூலே இல்லை. பூசையில் வாசிக்கும் தமிழும் இதில் உள்ள தமிழும்கூட வேறு வேறாக இருக்கின்றன. புதிதாக வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ஜிப் உறை, தங்க ஓரம் என்று விலை எகிறுகிறது. என் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி, பிழையில்லாத ஒரு கத்தோலிக்க பைபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது? தோழி கொடுத்ததை என்ன செய்வது?

பதில்: அன்பியத்தில் எல்லோரும் பக்கம் புரட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் பொருளடக்கத்தைத் தேடித் தவித்திருப்பீர்கள். இருபது வருடமாக மறைக்கல்வி எடுக்கிறேன், இந்தத் தவிப்பைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். தவறு உங்களுடையது அல்ல. உங்கள் தோழியுடையதும் அல்ல.

அவர் கொடுத்தது 'பரிசுத்த வேதாகமம்' என்று அட்டையில் போட்ட புத்தகமாக இருக்க வேண்டும். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வரும் மொழிபெயர்ப்பு அது. அதில் 66 நூல்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் தோழி தந்த புத்தகத்தில் இருக்காது.

ஏன் இப்படி? முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கிரேக்க மொழியிலிருந்த பழைய ஏற்பாட்டைப் படித்தார்கள். அதில் இந்த நூல்கள் இருந்தன. யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இல்லை. சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1534-ல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் இவற்றை முழுவதும் நீக்கிவிடவில்லை, தனியே பிரித்து வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1546-ல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில் இவையும் திருநூல்களே என்று பட்டியலிட்டு உறுதி செய்தது. 1611-ல் வந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பதிப்பில்கூட இவை அச்சாகியிருந்தன. 1826-ல் லண்டனிலிருந்த வேதாகமச் சங்கம், இந்த நூல்கள் சேர்ந்த பதிப்புகளுக்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. உலகெங்கும் மலிவு விலையில் பைபிள் கொண்டு சேர்த்த இயக்கத்தின் பெரும் கை அது. மலிவுப் பதிப்பு என்றாலே இவை இல்லாத பதிப்பு என்று ஆகிப்போனதற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். குறைந்த விலையில் தேடும் கத்தோலிக்கர் இன்றும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் நீங்கள் வாங்க வேண்டியது 'திருவிவிலியம்: பொது மொழிபெயர்ப்பு'. 1995-ல் வெளிவந்தது. கத்தோலிக்க, சீர்திருத்த சபை அறிஞர்கள் சேர்ந்து உழைத்தது. திண்டிவனத்திலுள்ள நம் விவிலிய நடுநிலையத்தின் பெயரைக் கத்தோலிக்கப் பதிப்பில் பார்ப்பீர்கள். கோவிலில் நீங்கள் கேட்கும் வாசகங்களின் தமிழ் இதுதான். தொடக்கக்காரருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்த வரியை வீட்டுக்கு வந்து அதே சொற்களில் கண்டுபிடிக்கலாம்.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு வரி. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று நாம் பாடுவது, தோழி தந்த புத்தகத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்றிருக்கும். பொருள் ஒன்று, காது மட்டும் வேறு. நூல்களின் பெயரும் அப்படித்தான். ஆதியாகமம் நமக்குத் தொடக்க நூல். யாத்திராகமம், விடுதலைப் பயணம். சங்கீதம், திருப்பாடல்கள். அப்போஸ்தலர் நடபடிகள், திருத்தூதர் பணிகள்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். அட்டையில் 'திருவிவிலியம்' என்று இருந்தால் மட்டும் போதாது. பொருளடக்கத்தைத் திறந்து தோபித்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மற்றவையும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பொது மொழிபெயர்ப்பில் இந்த நூல்கள் 'இணைத் திருமுறை' என்ற தலைப்பில், பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு முன் தனித் தொகுப்பாக இருக்கும். ஆங்கிலக் கத்தோலிக்க பைபிள்களில் போல நெகேமியாவுக்குப் பக்கத்தில் தேடி, "இல்லையே" என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. அப்புறம் முதல் சில பக்கங்களில் ஆயர்களின் (பிஷப்புகளின்) ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 825-ஆம் எண்படி, திருத்தந்தை அல்லது ஆயர் பேரவையின் ஒப்புதலோடும் தேவையான விளக்கக் குறிப்புகளோடும்தான் திருவிவிலியம் வெளிவர வேண்டும். நூல்களுக்கு முன்னுள்ள முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று தெரியாமல் பவுலின் மடலைப் படிப்பது, அடுத்த வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல.

விலைக்கு வருவோம். உள்ளே இருக்கும் மொழிபெயர்ப்பு எல்லாப் பதிப்பிலும் ஒன்றுதான். விலையை ஏற்றுவது தோல் அட்டை, ஜிப், தங்க ஓரம், பக்கவாட்டில் வெட்டிய எழுத்துக் குறிகள். சாதாரண அட்டைப் பதிப்பைக் கேளுங்கள். காட்சிக்கு முன்னால் அதை வைக்க மாட்டார்கள், உள்ளே அடுக்கியிருப்பார்கள். எனக்குத் திருமணப் பரிசாக வந்த ஜிப் வைத்த பைபிள் இன்னும் புதுசாகவே இருக்கிறது, அழுக்காகிவிடுமோ என்று தொடவே பயம். பென்சில் கோடும் காப்பிக் கறையுமாக இருக்கும் மலிவுப் பதிப்பில்தான் நான் படித்ததெல்லாம். காசு கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும் என்றால் அட்டைக்குக் கொடுக்காதீர்கள், பெரிய எழுத்துக்குக் கொடுங்கள். இரவு வேலை முடிந்து மங்கலான விளக்கில் பொடி எழுத்தைப் படிக்க முடியாது.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் பங்கு அலுவலகம். அங்கே இல்லாவிட்டாலும் மறைமாவட்டப் புத்தக நிலையத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். வேளாங்கண்ணி, பூண்டி மாதா போன்ற திருத்தலங்களுக்குப் போகும்போது அங்குள்ள புத்தகக் கடைகளிலும் கேட்கலாம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் மெல்லிய தாள் என்பதால் நடுவில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிடுங்கள். ரொம்பப் பழைய பிரதி என்றால் இன்னொன்று: பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் அதில் பார்ப்பீர்கள். லத்தீன் வழி வந்த பதிப்பாக இருந்தால் திருப்பாடல் எண்கள் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும், நம் 23 அதில் 22. பாட்டி வீட்டு நினைவுக்கு அழகான புத்தகம், ஆனால் பூசையைப் பின்தொடர உதவாது.

கையில் இப்போது பணமே இல்லை என்றால் பங்குத்தந்தையிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடமும் சொல்லலாம். புதிதாகத் திருமுழுக்கு பெற்றவர் பைபிள் கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதுவரை போனில் படிக்கலாம். தமிழ் விக்கிமூலத்தில் பொது மொழிபெயர்ப்பு முழுவதும், இணைத் திருமுறை உட்பட, இலவசமாக இருக்கிறது. 'தமிழ் பைபிள்' என்று தேடினால் வரும் செயலிகளில் பெரும்பாலானவை 66 நூல்கள் கொண்டவை. அங்கேயும் சோதனை அதேதான்: தோபித்து என்று தட்டிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் படிப்பது சுலபம் என்றால், இ.எஸ்.வி. (English Standard Version) என்ற மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு 2018-ல் இந்தியாவில் வெளியானது. 2020 முதல் நம் நாட்டு ஆங்கிலத் திருப்பலி வாசகங்கள் அதிலிருந்தே வருகின்றன. அட்டையில் 'கத்தோலிக்கப் பதிப்பு' என்ற சொல் இருக்க வேண்டும், வெறும் இ.எஸ்.வி. என்றால் அது 66 தான்.

வாங்கியதும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடாதீர்கள். தொடக்க நூல் கதையாக ஓடும், விடுதலைப் பயணத்தின் பாதியில் கூடார அளவுகள் வரும், லேவியர் நூலில் புத்தகம் மூடப்படும். இது ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பிறகு லூக்கா, அதன் தொடர்ச்சியாகத் திருத்தூதர் பணிகள், இரண்டையும் எழுதியவர் ஒருவரே. கூடவே தினம் ஒரு திருப்பாடல். சுருக்கக் குறிகளில் 'திபா' என்றால் திருப்பாடல்கள், 'திப' என்றால் திருத்தூதர் பணிகள். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், வாசகம் எடுத்து வைப்பவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 'மாற் 4:35-41' என்றால் மாற்கு நான்காம் அதிகாரம், 35 முதல் 41 வரை உள்ள வசனங்கள்.

தோழியின் பைபிளைத் திருப்பிக் கொடுக்கவோ ஒளித்து வைக்கவோ வேண்டாம். அதிலுள்ள நான்கு நற்செய்திகளும் நம்முடையவைதான். ஒரு வசனம் புரியாதபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பழைய தமிழில் சில சமயம் அர்த்தம் சட்டென்று பிடிபடும். தோபித்து எட்டாம் அதிகாரத்தில் தோபியாவும் சாராவும் திருமண இரவில் எழுந்து நின்று செபிப்பார்கள். தோழிக்கு அது புதிதாக இருக்கலாம், அடுத்த மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.