பங்காளின்னு தெரியும், யாரு மூத்தவன்னு தெரியாது

வாசகி கடிதம்:

ஆச்சி வணக்கம். எச்.ஐ.வி. வைரஸோட ஜீனைப் படிச்சு அது யார் யார் வழியா பரவுதுன்னு வலை மாதிரி படம் போடுறாங்கன்னு போன மாசம் எழுதியிருந்தீங்க. என் சித்தி மக மாசமா இருந்தப்ப எடுத்த டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துச்சு. அப்பறம்தான் அவ வீட்டுக்காரருக்கு எடுத்தாங்க, அவருக்கும் இருக்கு. இப்ப குழந்தைக்கு நாலு மாசம். மாமியார் வீட்ல "மொதல்ல உனக்குத்தானே வந்துச்சு, நீதான் கொண்டாந்த"ன்னு சொல்லி வெளிய போகச் சொல்றாங்க. ரெண்டு பேர் ரத்தத்தையும் குடுத்து அந்த ஜீன் டெஸ்ட் எடுத்தா அவ மேல தப்பில்லன்னு நிரூபிச்சிரலாமா? எவ்வளவு செலவானாலும் பரவால்ல. என் பேர், ஊர் பேர் போட வேண்டாம்.

பதில்:

ஆத்தா, உன் கடிதத்துக்கு ரெண்டு நாளா பதில் எழுத முடியல, மனசு ஆறல. நேரா சொல்லிடுறேன், அந்த டெஸ்ட் வேணாம். காசுக்காகச் சொல்லல. நீ கேக்குற கேள்விக்கு அதுல பதில் கிடையாது.

எங்க ஐயா பர்மாவுல கடை வச்சிருந்த காலத்துல கணக்கை நகல் எடுத்து ஊருக்கு அனுப்புவாங்களாம். எழுதுறவர் ஒரு எடத்துல அஞ்சை எட்டுன்னு எழுதிட்டா அதைப் பாத்து எழுதுற அடுத்த நகல்லயும் அந்த எட்டு அப்படியே நிக்கும், அதனால ரெண்டு நோட்டுல ஒரே எடத்துல ஒரே தப்பு இருந்தா ரெண்டுக்கும் மூலம் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சிரலாம். எச்.ஐ.வி.யும் தன்னைத்தானே நகல் எடுக்கும்போது நெறைய தப்பு விடுற வைரஸ். அதோட ஜீன்ல இருக்கற மொத்த எழுத்தே சுமார் 9,700தான், ஆனா மருந்து எடுக்காத ஒடம்புல ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி வரைக்கும் புதுசா உண்டாகுது, தப்பு சேராம இருக்குமா. ரெண்டு பேரோட வைரஸை ஒப்பிட்டு, 'பால்' (pol)ங்கற ஜீன்ல நூறு எழுத்துக்கு ஒண்ணரைக்குள்ள வித்தியாசம் இருந்தா நடுவுல ஒரு கோடு போட்டு சேத்துருவாங்க. ஆளுக்கொரு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி கோடு, அதான் அந்தப் படம்.

புள்ளிக் கணக்கு நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் புதுசா என்ன. ஒரு கல்யாணம்னா கோயில் கணக்குல ஒரு புள்ளி, ஒரே கோயில் புள்ளின்னா பங்காளி, பொண்ணு குடுத்து எடுக்க மாட்டோம். சூரக்குடி கோயில்காரங்க ரெண்டு பேரை எனக்கு முன்னாடி நிறுத்துனா பங்காளிங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லிருவேன், ஆனா யாரு அண்ணன் யாரு சித்தப்பான்னு கோயில் பேரை வச்சு எப்படிச் சொல்றது? அந்தக் கோடும் அப்படித்தான், அதுக்கு அம்புக்குறி கெடையாது. இவருகிட்டருந்து அவளுக்குப் போயிருக்கலாம், அவகிட்டருந்து இவருக்கு வந்திருக்கலாம், நடுவுல டெஸ்டே எடுக்காத மூணாவது ஆளு இருந்திருக்கலாம், எல்லாத்துக்கும் ஒரே கோடுதான் விழும். ஒரே ஆளோட ஒடம்புல இருக்கற பல வகை வைரஸையும் சேத்துப் படிச்சு தெசையை யூகிக்கற புது முறை வந்திருக்கு, உகாண்டாவுல ராக்காய் பக்கம் செஞ்சிருக்காங்க. ஆயிரக்கணக்கான பேரை மொத்தமா வச்சு எந்த வயசுக்காரங்ககிட்டருந்து எந்த வயசுக்காரங்களுக்குப் போகுதுன்னு பாக்க அது உதவும், ஒரு புருஷன் பொண்டாட்டி வழக்குக்கு உதவாது. 2018ல 20 விஞ்ஞானிங்க சேந்து இதை அறிக்கையாவே எழுதுனாங்க, அதுல இந்த வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்குன பிரான்சுவாஸ் பாரே சினூசியும் இருந்தாங்க. இந்த ஆள்தான் குடுத்தாருன்னு ஜீனை வச்சு முடிவா நிரூபிக்க முடியாது, இவர் இல்லன்னு காட்ட முடியும், அதான் அவங்க சொன்னது.

அந்த "இல்ல"ங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு லிபியாவுல பாத்தோம். பெங்காசில ஒரு ஆஸ்பத்திரில 400 குழந்தைங்களுக்கு மேல எச்.ஐ.வி. வந்திருச்சு, வேணும்னே ஏத்திட்டாங்கன்னு அஞ்சு பல்கேரிய நர்ஸுங்களுக்கும் ஒரு பாலஸ்தீன டாக்டருக்கும் மரண தண்டனை போட்டாங்க. 2006ல அந்தக் குழந்தைங்களோட வைரஸைப் படிச்சப்ப, 1998 மார்ச்ல இவங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே அது அங்க சுத்திக்கிட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சது. அப்பவும் உடனே விடல, 2007 ஜூலைலதான் வீடு போய்ச் சேந்தாங்க.

உன் சித்தி மக விஷயத்துல அந்த "இல்ல"யும் உதவாது ஆத்தா. ரெண்டு வைரஸும் ஒத்துப்போச்சுன்னா யாரு குடுத்தான்னு தெரியாது. ஒத்துப்போகலன்னா அவருக்கு அவகிட்டருந்து வரலன்னு ஆகும், ஆனா அந்த வீட்டுல என்ன பேசுவாங்க, "அப்ப உனக்கு எங்க இருந்து வந்துச்சு"ம்பாங்க. எந்த ரிசல்ட் வந்தாலும் அவ தலைலதான் விடியும்.

"மொதல்ல உனக்குத்தானே"ங்கறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மாசமா இருக்கற பொண்ணுங்க எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்குறாங்க, புருஷனுக்கு யாரு எடுக்குறா? அவ குழந்தைக்காகப் போய் கையை நீட்டுனா, அதனால அவ சீட்டு மொதல்ல வந்துச்சு. மொதல்ல தெரிஞ்சது வேற மொதல்ல வந்தது வேற. 1986ல இந்தியாவுல மொதமொதலா எச்.ஐ.வி.யைச் சென்னைலதான் கண்டுபிடிச்சாங்க, டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட அவங்க மாணவி நிர்மலா ரத்தம் சேகரிச்சாங்க, பாலியல் தொழில் செஞ்ச பொண்ணுங்ககிட்ட. அங்க தேடுனோம், அங்க கண்டோம், அவங்கதான் கொண்டாந்தாங்கன்னு பழியும் போட்டோம். அவங்களுக்குக் குடுத்தவங்க யாருகிட்டயும் அன்னைக்கு ஊசியோட போய் நிக்கலையே.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரிய வீட்டுல, இருவது வருஷம் இருக்கும், ஒரு பொண்ணை ரெண்டாங்கட்டுல தனித் தட்டு தனி டம்ளர் குடுத்து உக்கார வச்சிருந்தாங்க. நான் விசேஷத்துக்குப் போனவ, பாத்துட்டு வாய் தொறக்காம பந்தில சாப்பிட்டு வந்துட்டேன். அது இன்னைக்கும் உறுத்துது.

இந்த ஜீன் படத்துனால நல்லதே இல்லன்னு நெனைச்சிராத. 2014ல கனடாவுல வான்கூவர் பக்கம் திடீர்னு ஒரு எடத்துல புள்ளி கூடுறதை இது காட்டிக் குடுத்துச்சு, உடனே அவங்களைத் தேடிப் போய் மருந்துல சேத்தாங்க. ஆனா நம்ம ஊர்ல, பேரை மறைச்சு வயசும் வேலையும் மட்டும் போட்டாக்கூட டீக்கடைல ஆளைச் சொல்லிருவாங்க, அதனால இங்க அந்தப் படம் யாரு கைக்கும் போகக்கூடாதுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

இனி ஆக வேண்டியது. 2017ல போட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர்லருந்து நடைமுறைல இருக்கு. கூடி வாழ்ற வீட்டுல இருந்து அவளை வெளியேத்த யாருக்கும் உரிமை இல்லன்னு அதுல இருக்கு, யாரு கொண்டாந்தான்னு அவ நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த டெஸ்ட்டுக்கு வச்சிருக்கற காசுல ஒரு நல்ல வக்கீலைப் பாரு. 1097க்கு போன் போட்டா எங்க போகணும்னு சொல்லுவாங்க, காசு கெடையாது. ரெண்டு பேரும் மாத்திரையை ஒரு நாள் கூட விடாம எடுக்கணும். மருந்து இல்லன்னா தாய்கிட்டருந்து குழந்தைக்குப் போக நூத்துக்கு 15லருந்து 45 வரைக்கும் வாய்ப்பு, ஒழுங்கா எடுத்தா 5க்கும் கீழ. ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட் எடுத்திருப்பாங்க, அடுத்தது ஆறாவது மாசம், 18 மாசத்துலதான் முடிவா சொல்லுவாங்க. ஆறாவது மாச டெஸ்ட்டுக்கு, எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துக்கு அவளைத் தனியா பஸ் ஏத்தி விட்டுறாத, நீயும் கூடப் போ. ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுது.