தோட்டத்துக் கேள்விகள்: ஆவாரைக்கு இவ்வளவு செல்லம் ஆகாது

மொட்டை மாடித் தொட்டியில் ஆவாரஞ்செடி வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. காலையும் மாலையும் தண்ணீர், மாதம் ஒருமுறை மண்புழு உரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஞ்சகவ்யம். இடுப்பு உயரம் வளர்ந்தும் ஒரு பூ இல்லை. இப்போது அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வருகிற பொங்கலுக்குக் காப்புக் கட்டவாவது வீட்டுப் பூ கிடைக்குமா?
*வாசகி, ஈரோடு*

கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் நர்சரி வேடசந்தூர்ப் பக்கம். வேலிக்கு வெளியே சரளை மேட்டில், யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத இடத்தில், ஆவாரை மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. நீங்களோ அதற்கு விருந்து வைத்திருக்கிறீர்கள். சாப்பாடு கூடினால் அது இலையாகப் போடும், பூக்காது. இலை பழுப்பது தண்ணீர் மிஞ்சியதால்தான். தொட்டி மண்ணைக் கிளறி மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் வேர் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் உரம், பஞ்சகவ்யம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விடுங்கள், அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வரும், மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். நிழல்வலைக்குக் கீழே இருந்தால் வெளியே இழுத்து முழு வெயிலில் வையுங்கள்.

அப்புறம் கத்தரி. ஆவாரை கிளையின் நுனிப் பக்கம்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நுனியை வெட்டினால் பக்கக் கிளை பெருகும், கிளை பெருகினால் கொத்தும் பெருகும். செடி தெளிந்து புதுத் துளிர் விட்டதும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். பயப்பட வேண்டாம். ஒரு காலத்தில் தோல் பதனிட இதன் பட்டையைத்தான் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள், வாட்டில் என்கிற வெளிநாட்டு மரத்தின் பட்டை கப்பலில் வந்து இறங்கும்வரை. வெட்ட வெட்ட அடியிலிருந்து துளிர்க்கிற செடி இது. ஆனால் ஐப்பசிக்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள், தைப் பூ போய்விடும்.

இந்த வருடம் பூத்தால் சந்தோஷம். பூக்காவிட்டால் உங்கள் ஊரைத் தாண்டி நாலு மைல் போனால் ரோட்டோரம் கிடைக்கும், வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஒரு நர்சரியில் ஆவாரை என்று வாங்கி நட்டேன். பூ மெழுகுவர்த்தி மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?
*வாசகர், துறையூர்*

ஆமாம். அது சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள், அமெரிக்கக் கண்டத்துச் செடி. நல்ல செடிதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. இனிமேல் வாங்கும்போது பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையாக இருந்தால் அங்கே இரண்டு பக்கமும் குட்டிக் காது மாதிரி வட்ட இலை ஒட்டியிருக்கும். அதன் லத்தீன் பெயரிலேயே அந்தக் காது இருக்கிறது.

ஆனால் செடியை ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? (நர்சரிக்காரி சொல்கிற பேச்சா இது என்று வீட்டில் திட்டு விழும்.) ரோட்டோரச் செடியில் காகிதம்போலத் தட்டையாக, பழுப்பாகக் காய்ந்த காயைப் பறித்து வாருங்கள். விதைத்தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் விதையுங்கள். உப்பாததைச் சொரசொரப்புக் காகிதத்தில் லேசாக உரசி மறுபடி ஊறப்போடலாம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு கை மக்கிய எரு போதும்.

ரோட்டோரக் கன்றைப் பிடுங்கிவந்து நடும் ஆசை மட்டும் வேண்டாம். நர்சரி தொடங்கிய புதிதில் நான் பன்னிரண்டு கன்று பிடுங்கி வந்தேன். கன்று ஒரு சாண்தான், ஆணிவேர் அதைவிட நீளம். இழுத்த இழுப்பில் எல்லாம் பாதியில் அறுந்தது. ஒரு வாரத்தில் பன்னிரண்டும் சருகு. அதனால் ஆழமான பையில் விதைத்து, கன்று சின்னதாக இருக்கும்போதே பையைக் கிழித்து மண் உடையாமல் நிரந்தர இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஆவாரை இலையைப் பச்சைப் புழு தின்கிறது. சாயங்காலமானால் இலையும் சோர்ந்து மூடிக்கொள்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
*வாசகி, சாத்தூர்*

மூடுவது நோயில்லை, அது தூங்குகிறது. காலையில் விரித்துவிடும். புழு பெரும்பாலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கும், கொன்றை, ஆவாரை வகை பார்த்துத்தான் அது முட்டையிடும். செடி பெரிதென்றால் தின்றுவிட்டுப் போகட்டும். கன்றாக இருந்தால் புழுவைக் குச்சியால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள். இலையைக் கஷாயத்துக்குப் பறிப்பவராயிருந்தால் மருந்துப் பேச்சே எடுக்காதீர்கள்.