வெறுங்கை போதும்: வாசகர் கேள்வி, கதைசொல்லி பதில்

(பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் கைகளையே பொம்மையாக்கிக் கதை சொல்லிவரும் அக்கா, இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

? என் பேரனுக்கு மூன்று வயது. பேட்டரி பொம்மைகள் எல்லாம் மூலையில் கிடக்கின்றன. நான் கையைக் குவித்து, "சாப்டியா கண்ணு?" என்று பேச வைத்தால் மட்டும் அசையாமல் உட்காருகிறான். என் முகத்தைப் பார்க்காமல், கையைப் பார்த்தே பதில் சொல்கிறான். அப்படி என்ன இருக்கிறது இந்தக் கையில்?
— ஒரு பாட்டி, மன்னார்குடி

அம்மா, அது அவனுக்குச் சோறு ஊட்டுகிற கை. தூங்க வைக்கத் தட்டிக்கொடுக்கிற கை. அந்தக் கையே திடீரென்று ஓர் ஆளாகி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் விடுவானா? பேட்டரி கரடி பதிந்துவைத்த நான்கு வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். உங்கள் கை, அவன் இப்போது கேட்டதற்கு இப்போதே பதில் சொல்கிறது.

நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்து, விரல் விரலாகப் பங்கு கொடுத்து, "நண்டு ஊருது, நரி ஊருது" என்று அக்குள்வரை போய்க் கிச்சுகிச்சு மூட்டுவோமே, அங்கே நண்டாக வருவது நம் விரல்கள்தானே?

இதையே முழு நிகழ்ச்சியாக எடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நோகின் என்ற குழந்தைகள் சேனலில் 2000 முதல் 2005 வரை 'ஊபி' வந்தது. அதை உருவாக்கியவர் ஜாஷ் செலிக். பொம்மலாட்டக் கலைஞர்கள் பயிற்சியின்போது பொம்மை இல்லாமல், வெறுங்கையில் உருண்டைக் கண்களை மட்டும் மாட்டிக்கொண்டு வாயசைக்கப் பழகுவார்கள். அந்தப் பயிற்சிக் கையே போதுமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஊபி ஒரு கை, தங்கை ஒரு கை, தாத்தாவும் ஒரு கை. பக்கத்து வீட்டு நண்பன் காகோவுக்குக் கூடுதலாக ஒரு சிவப்புக் குல்லா, அவ்வளவுதான். பேச்சும் சின்னக் குழந்தை பேசுவதுபோல ஒன்றிரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

அந்த நிகழ்ச்சியை நான் மதிப்பதற்குக் காரணம், பார்க்கிற குழந்தை கடைக்குப் போய் எதையும் வாங்க வேண்டியதில்லை. அதன் இரண்டு கைகளும் அதனிடமே இருக்கின்றன. கொஞ்ச நாளில் உங்கள் பேரன் கையும் உங்கள் கையோடு பேச வரும், பாருங்கள்.

? அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். நான் செய்தால் கை படபடவென்று அடித்துக்கொள்கிறதே தவிர, பேசுவதுபோலத் தெரியவில்லை. என்ன செய்யலாம், அக்கா?
— ஒரு வாசகி, விளாத்திகுளம்

நான்கு விரல்களும் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை. பேசும்போது கட்டைவிரல்தான் இறங்க வேண்டும். பெரும்பாலோர் மேலே உள்ள விரல்களைத் தூக்கிவிடுகிறார்கள். கண்கள் அந்த விரல்களின் மேல் இருப்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் பார்வை கூரைக்குப் போய் வரும். உயிர் போய்விடும்.

அடுத்தது, சத்தத்துக்கு ஏற்பத் திறப்பது. கண்ணாடி முன்னால் நின்று "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். 'அ'வுக்குத் திறக்கும், 'ம்'முக்கு மூடும், 'மா'வுக்கு நன்றாகத் திறக்கும். நம் உதடு சேருகிற இடத்தில் கையும் சேர வேண்டும். "மாம்பழம்" என்பதை மெதுவாகப் பழகினால் பாதி வித்தை வந்துவிடும். "மாம்பழம்" என்று முடிக்கும்போது வாய் மூடியே நிற்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கண்ணுக்கு, கெட்டிக் காகிதத்தில் இரண்டு வட்டம் வெட்டிக் காகித மோதிரத்தில் ஒட்டி, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் போட்டுக்கொள்ளுங்கள். மணி, பட்டன் வேண்டாம், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். கருவிழியை நட்ட நடுவில் வரையாமல், ஒன்றையொன்று பார்ப்பதுபோல இம்மியளவு உள்பக்கமாக வரையுங்கள். அப்போதுதான் கை எதிரில் இருப்பவரைப் பார்க்கும், இல்லாவிட்டால் சுவரைப் பார்க்கும். பேசாத நேரத்திலும் அந்தக் கண் யாராவது ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். நீங்களும் குழந்தைகளைப் பார்க்காமல் உங்கள் கையையே பாருங்கள். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் அவர்களும் பார்ப்பார்கள்.

? வெறுங்கை முழம் போடுமா என்பார்கள். தோல்பாவை, மரப்பாவை என்றால் அது கலை. இது வீட்டில் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது, அவ்வளவுதானே?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

இல்லை ஐயா, முழு மனதோடு மறுக்கிறேன். மாஸ்கோவில் 1931-ல் அரசுப் பொம்மலாட்ட அரங்கத்தைத் தொடங்கி நடத்திய செர்கேய் ஒப்ராஸ்த்சோவ், எத்தனையோ நுட்பமான பொம்மைகளை ஆட்டியவர். அவரே ஆள்காட்டி விரல் நுனியில் ஆளுக்கோர் உருண்டையை மாட்டி, இரண்டு கைகளையும் ஆணும் பெண்ணுமாக்கிக் காதல் காட்சி நடித்தார். முகத்தில் கண், மூக்கு எதுவும் கிடையாது. கை வெட்கப்பட்டது, தயங்கியது, அணைத்தது.

ஸ்பெயினில் பிறந்த சென்யோர் வென்செஸ் (1896–1999) முஷ்டியை மடக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் உதட்டுச்சாயத்தால் வாய் வரைவார். மேலே ஒரு சின்ன டோப்பா, கீழே தலையில்லாத ஒரு பொம்மை உடம்பு. 'ஜானி' தயார். இதையெல்லாம் மேடையில், பார்வையாளர்கள் கண்ணெதிரே செய்வார். செய்ததைப் பார்த்த பிறகும் ஜானி பேச ஆரம்பித்ததும் அவனை நம்பினார்கள். திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்து வியக்க வைப்பதைவிட இது கடினம் என்பது என் எண்ணம். தோல்பாவைக்காரர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் நிழலில் செய்வதை இவர்கள் பட்டப்பகல் வெளிச்சத்தில் செய்தார்கள்.

? என் மகளுக்கு ஒன்றரை வயது. கையைப் பேச வைத்துப் பக்கத்தில் கொண்டுபோனால் அழுகிறாள். விட்டுவிடட்டுமா?
— ஒரு தாய், யாழ்ப்பாணம்

விட வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். உங்கள் மடியிலேயே கை இருக்கட்டும். அவளைப் பார்க்காமல் உங்களிடம் பேசட்டும், கொஞ்சம் வெட்கப்படட்டும், முந்தானைக்குள் ஒளியட்டும். பெரியவர்கள் கையை முகத்துக்கு நேரே நீட்டினால் எந்தக் குழந்தையும் மிரளும். ஒளிந்திருக்கும் கையைத் தேடி அவளே வருவாள். வந்து தொட்டதும் உடனே பேசிவிடாதீர்கள். அவள் இரண்டாம் முறை தொடும்வரை பொறுங்கள்.